அந்தப் பாறை திரும்பி வந்ததா?

எழுபதுகளின் தொடக்கம். திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நர்ஸாகப் போயிருந்தேன். நான் மதுரைக்காரி, அங்கே ஒருவரையும் தெரியாது. மிராசுதார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்த நேரம். மிராசுதார்களும் தெற்குத் தெரு கூலியாட்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'அந்த வீட்டு ஆள்' என்று தெற்குத் தெருவில் என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். வசதியானவர்களோ கும்பகோணம் போய்விடுவார்கள். பேச ஆளில்லாமல் சுவர்ப் பல்லியிடம்கூடப் பேசிப் பார்த்தேன். பேசாமல் மாற்றல் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் டூரிங் டாக்கீஸுக்குப் போனேன். போஸ்டரில் இருந்தது கத்திச்சண்டைப் படம். படப்பெட்டி மாறி வந்ததோ இங்கிலீஷ் படம். ஏதோ ஒரு கிரகத்தில் ஒரு பெண் தன்னந்தனியாக இருக்கிறாள். பாறை மாதிரி ஒரு பிராணி தினமும் அவள் வாசலில் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் கதை! பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஜனங்கள் விசிலடித்துப் பார்த்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் மிச்சம் நானும், எனக்கு முன்னால் ஒரு நிறைமாதக்காரியும்தான். தரை மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவது டாக்கீஸ் வழக்கம்; பின்னால் இருப்பவள் மறைக்கிறது என்று சண்டைக்கு வருவாள். நான் சண்டைக்குப் போகாமல் என் மணல் மேட்டையும் தள்ளி அவள் முதுகுக்கு அண்டக் கொடுத்தேன். திரும்பியவள், "ஐயோ, நர்ஸம்மாவா!" என்று எழப் பார்த்தாள். நான் அவளை அமர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தம்மா என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். பாதி எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், மீதி என் சொந்தச் சரக்கு. கேட்டுக்கொண்டே வந்தவள், தன் முதல் குழந்தை பிரசவத்திலேயே தங்காமல் போனதைச் சொன்னாள். இந்தத் தடவை என்னைக் கூப்பிடு என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு சங்கத்துல இருக்காருங்க. நீங்க இருக்கிறது அந்த வீட்ல. எப்படிங்க கூப்பிட விடுவாங்க?"

திரையில் புயலடித்து ஓய்ந்திருந்தது. பாறையைக் காணோம்; படத்துப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேருக்கு எவன் ஓட்டுவான் என்று ஆபரேட்டர் அந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டார். புடவை மணலைத் தட்டிவிட்டு ஆளுக்கொரு திசையில் நடந்தோம்.

சில நாள் கழித்து, காலைக் காபி நேரத்தில் மிராசுதார் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் போட்ட துண்டை இறக்கவில்லை. அவளுடைய கணவர்.

"வலி வந்துடுச்சுங்க. படம் சொன்ன அக்காதான் வரணுங்குது. வேற யாரையும் கிட்ட விட மாட்டேங்குது."

நான் மிராசுதாரைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பையோடு ஓடினேன்.

குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் சோர்ந்துகொண்டே போனாள். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் பாறை திரும்பி வந்துச்சா?" என்றாள்.

"வந்துடுச்சுடி. வாசல்லதான் உக்காந்திருக்கு. நீ முக்கு!"

பெண் குழந்தை. அது அழுத பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வாசலில் நின்ற தெற்குத் தெருப் பெண்களில் ஒருத்தி என் கையில் காபி டம்ளரைக் கொடுத்து, "உக்காருங்கக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாற்றல் கேட்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை அந்த வட்டாரத்தில்தான் இருந்தேன். அந்தப் படம் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பாறை திரும்பி வரவில்லை என்று யாராவது சொன்னால், அவரோடு நான் சண்டைக்கே போய்விடுவேன்.