காற்றுக்கு எதிரே நடந்த சாயங்காலம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் நடந்தது இது. அன்றைக்குப் பௌர்ணமி. என் மகளைப் பெண் பார்க்க மணப்பாட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பேக்கரியில் மக்ரூன் போடுகிறேன். முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, காகிதக் கூம்பில் பிழிந்து, அடுப்பில் வைத்து எடுக்கிற வேலை. கடையின் பின்கட்டில் இருப்பதால் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதி. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து வருடமும் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் இருக்கிறவன்தான் 'உள்ளேன் ஐயா' சொல்லுவான்.

இதனாலேயே முந்தின வருடம் ஒரு வரன் தட்டிப்போனது. பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடுமா, அவ்வளவு திமிரா என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த முறை நான் பேசியே தீர வேண்டியிருந்தது. என் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. வைத்தியம் பார்த்தோம். பல வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு இது தடையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கோ இதை வெளியில் சொல்லவே இஷ்டமில்லை. கல்யாணம் முடிந்து ஒரு பிள்ளை பிறந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அன்று காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது மகள் என்னைத் தெரு முனையில் நிறுத்தினாள். "மறைச்சுக் கட்டிக் குடுத்தீயன்னா அந்த மாத்திரைய ஆயுசு பூரா ஒளிஞ்சு நின்னுதான் திங்கணும். அம்மா சொல்ல மாட்டாவ. நீங்க மாப்பிள்ளையோட அப்பாகிட்ட சொல்லிருங்கப்பா. நீங்க சொல்லலன்னா நானே எல்லாரு முன்னாலயும் சொல்லிருவேன்."

சரியென்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம்.

மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவரோடு அப்பா, அம்மா, ஒரு சித்தி வந்திருந்தார்கள். அப்பா ஒரு காலத்தில் இங்கே பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணியில் போய் வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காப்பி குடித்து முடித்ததும் அவரே என்னைப் பார்த்து, "பழைய துறைமுகத்தப் பாத்து எவ்வளவோ வருசமாச்சு. வாறியளா, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றார்.

சித்திக்காரி சிரித்தாள். "நல்ல ஆளக் கூப்பிட்டீய அத்தான். கடல் பேசுனாலும் பேசும், இந்த அண்ணாச்சி பேச மாட்டாவ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செருப்பை மாட்டும்போது என் மனைவி சொல்லிவிடாதீர்கள் என்பதுபோலப் பார்த்தாள். உள்கதவு ஓரத்தில் நின்ற மகள் சொல்லிவிடுங்கள் என்பதுபோலப் பார்த்தாள். அந்த இரண்டு பார்வையையும் சுமந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

மாதா கோயிலைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் கோபுரத்தின் வெள்ளை, மக்ரூன் வெந்து வரும்போது வருகிற இளம் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தச் சாலையில் நான் தினமும் சைக்கிளில் போகிறவன். நடந்து பார்த்ததில்லை. நடக்கும்போது அது வேறு சாலையாக இருந்தது. பழைய சரக்குக் கிட்டங்கிகளின் சுவர்களில் அரசமரக் கன்று முளைத்து நின்றது. ஓட்டுக் கூரைகளில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்றில் கருவாட்டு வாசனையும், எங்கிருந்தோ வெங்காய மூட்டையின் வாசனையும் சேர்ந்து வந்தன.

பழைய துறைமுகத்தில் தோணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. அவர் வெகுநேரம் நின்று பார்த்தார். தண்ணீர் அசையும்போது பாய்மரங்கள் எல்லாம் ஒன்றுபோலச் சாய்ந்து, ஒன்றுபோல நிமிர்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம்தான் ஆடுகிறோமோ என்று தோன்றும். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி" என்றேன்.

"சொல்லுங்க."

"வெங்காயம் ஏத்துதாவ போல."

"ஆமா, மாலத்தீவுக்குப் போவும்" என்றார்.

மறுபடி நடந்தோம். காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. ரோச் பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே கடல் அலையே இல்லாமல் பால்போலக் கிடந்தது. முத்துக் குளித்த கடல் என்று சொல்லுவார்கள். நான் பிறந்ததிலிருந்து யாரும் முத்துக் குளித்துப் பார்த்ததில்லை. ஆனால் அன்று அந்தத் தண்ணீருக்கு உள்ளேயிருந்து ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. வானம் எது, கடல் எது என்று தெரியவில்லை. தூரத்தில் முயல் தீவு காற்றில் மிதப்பதுபோல நின்றது. கால் தரையில் படுகிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அண்ணாச்சி" என்றேன் மறுபடியும்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கையை நீட்டித் தீவைக் காட்டினேன்.

"அந்தா தெரியுது பாத்தீயளா, அதுதான் லைட்ஹவுஸ்" என்றேன்.

"அதப் பாத்துத்தான் அண்ணாச்சி முப்பது வருசம் நான் கர சேந்தேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

எனக்கு ஓடிப்போய்விடலாம்போல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து நிலா எழும்பியது. முதலில் யாரோ தீவில் தீ மூட்டியதுபோல ஒரு சிவப்பு. பிறகு அது உருண்டு மேலே வந்தது. தண்ணீரில் ஒரு மஞ்சள் பாதை எங்கள் கால்வரைக்கும் வந்து நின்றது. சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

திரும்பலாமா என்று நான் கையால் காட்டினேன். அவர் நகரவில்லை.

"எங்கிட்ட எதையோ சொல்ல வந்துட்டு, சொல்ல முடியாம முழுங்குதீய" என்றார். "சரிதானா?"

தலையாட்டினேன்.

"தோணியில சுக்கான் பிடிக்கிறவன் பின்னால நிப்பான். அவனுக்கு எல்லார் முதுகுந்தான் தெரியும். பொண்டாட்டிகிட்ட சொல்லாததெல்லாம் அங்கன வந்து உக்காந்து, கடலப் பாத்துக்கிட்டு சொல்லுவானுவ. மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் வாய் வராது. நீங்க முன்னால நடங்க, நான் பின்னால வாரேன். திரும்பும்போது காத்து எதுக்க வரும், நீங்க மெல்லப் பேசுனாலும் எனக்குக் கேட்டுரும்."

நான் முன்னால் நடந்தேன். முகத்தில் வாடைக்காற்று அடித்தது. வலது பக்கம் நிலாவும் கடலும் கூடவே வந்தன. பின்னால் அவர் செருப்புச் சத்தம் மட்டும். கொஞ்ச தூரம் போனதும் என் வாயிலிருந்து தானாக வந்தது. முதல் வலிப்பு வந்த நாளில் அவளை நான் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் மனைவி மறைக்கச் சொன்னதையும், மகள் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கடலிடம் சொல்வதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பார்ப்பதற்கு யாரும் இல்லாததால் துடைக்கவும் இல்லை.

சொல்லி முடித்ததும் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"ஒம்பதாப்பு படிக்கயில."

"பிள்ளைதான் சொல்லச் சொல்லிச்சா?"

"ஆமா."

கோயிலைத் தாண்டினோம். தெரு முனையில் என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். நீங்க இன்னொரு தடவ இதச் சொல்ல வேண்டாம்" என்றார்.

அன்று அவர்கள் நல்லபடியாகப் பேசிவிட்டுத்தான் போனார்கள். மகள் கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் பேக்கரியின் பின்வாசலில் வந்து நின்றார். மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். முந்திரித் தூளும் சீனியும் ஒட்டிய கையோடு வெளியே போனேன். "ஒரு நடை போவமா?" என்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரேஸ்புரம் பக்கம் நடந்தோம். காலை நேரம். படகுகள் கரைக்கு வந்திருந்தன, மீனவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். மணலெல்லாம் செதில் மினுங்கியது. அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை மீன் விலையைப் பற்றி ஏதோ சொன்னார். இன்னொரு தடவை, இந்த வருடம் பனி அதிகம் என்றார். தோணியில் கடலைக் கடந்த மனிதர் அப்படித் திணறுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க முன்னால நடங்க" என்றேன்.

அவர் முன்னால் போனார். நான் பின்னால் போனேன். சட்டை முதுகில் வேர்வை படர்ந்திருந்தது. அந்த முதுகு சொன்னது இதுதான்: அவர் மனைவியின் இன்னொரு தங்கைக்கும் வலிப்பு இருந்ததாம். கிணற்றடியில் தனியாகத் துணி துவைக்கும்போது வந்து, தண்ணீரில் விழுந்து இறந்துபோனாளாம். அதைப் பார்த்தவள் அவர் மனைவி. மகனுக்குச் சம்மதம். அவருக்கும் சம்மதம். "ஆனா அவ ராத்திரி ராத்திரி எந்திருச்சு உக்காந்து அழுதா அண்ணாச்சி. ஒங்க பிள்ள வந்து அந்த வீட்டுல எப்படி நிம்மதியா இருக்கும்? நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இது வேண்டாம்னு தரகர்ட்ட சொல்லி அனுப்ப எனக்கு மனசில்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் இருந்தது. ஆனால் அந்த அம்மாளையும் நினைத்துப் பார்த்தேன். "திரும்புங்க அண்ணாச்சி, டீ குடிப்போம்" என்றேன். இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தோம். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையெல்லாம் சீனி ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கிணற்றடிச் சம்பவத்தைக் கேட்டபோது மட்டும், "பாவம் அந்த அத்தை, கண்ணால பாத்துருக்காவளே" என்றாள். கொஞ்ச நேரம் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்பா, இம்புட்டையும் என் மூஞ்சியப் பாத்துல்லா சொல்லிருக்கீய."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த வருடம் வேறு வரன் வந்தபோது நடுவீட்டில், எல்லாரும் இருக்கும்போதே நான் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். ஆனால் முழுவதும் சொன்னேன். அந்த மாப்பிள்ளை, மாத்திரை எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்டார். இப்போது மகள் நாசரேத்தில் இருக்கிறாள். அவள் மாத்திரை டப்பா அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணப்பாட்டு அண்ணாச்சி கல்யாணத்துக்கு வந்திருந்தார், தனியாக.

இப்போதெல்லாம் சாயங்காலம் சைக்கிளை வைத்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தே வருகிறேன். யாராவது இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராகப் போவதைக் கண்டால், என் காலடிச் சத்தத்தில் அவர்கள் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்று அவர்களைத் தாண்டாமல் மெதுவாகவே போகிறேன்.