ஜன்னலைப் பார்த்த போலீஸ்காரம்மா

பக்கத்துத் தெருவில் பூட்டிய வீட்டில் திருடு போனதிலிருந்து, எதிர்வீட்டு அக்கா கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போக மறுத்துவிட்டார். அந்த வாரம்தான் அந்தப் போலீஸ்காரம்மா வீடு வீடாகப் பாதுகாப்பைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தார். கட்டையான உருவம், வெயிலில் கறுத்த முகத்தில் சின்ன மூக்குத்தி.

அவர் எந்த வீட்டிலும் பூட்டைப் பார்க்கவில்லை. வாசல்படியில் ஏறி, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தெருவைப் பார்த்தார். அக்கா வீட்டிலும் அப்படியே நின்றார். நேர் எதிரே என் ஜன்னல். திரைக்குப் பின்னால் நான்.

“அக்கா, ஒளியாதீக. இங்கன வாங்க,” என்று என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

வேடிக்கை பார்த்தது தெரிந்துவிட்டதே என்று கூசிக்கொண்டே போனேன்.

“இவ எந்நேரமும் அங்கனதான் நிப்பா,” என்று அக்கா சிரித்தார். “பெரியபட்டினத்து மீன்காரர் முக்குத் திரும்பினாக்கூட முதல்ல இவளுக்குத்தான் தெரியும்.”

“அப்புறம் என்ன பயம்?” என்று போலீஸ்காரம்மா அக்காவிடம் கேட்டார். “ சாவியை நிலை மேல வைக்காம இவுககிட்டக் குடுத்துட்டுப் போங்க. காலையில கோலம், சாயங்காலம் வாசல் லைட்டு. பூட்டுன வீடுன்னு எவனுக்கும் தோணாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ சந்தேகமா யாரும் சுத்துனா ஸ்டேஷனுக்குப் போன் போடுங்கக்கா.”

“எனக்குப் பேச வராதுங்க,” என்றேன்.

“பாக்க வருதுல்ல? பேச்சை நாங்க பாத்துக்கிறோம்.”

அக்கா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போனார். தினமும் என் வாசலில் கோலம் போட்டுவிட்டு எதிர்வாசலிலும் போட்டேன். அக்கா பார்வை தெளிந்து திரும்பியபோது வீடு வைத்தது வைத்தபடி இருந்தது.

போலீஸ்காரம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. என்னிடம் எதைக் கண்டார் என்று இன்னும் புரியவில்லை. ஆனால் ஜன்னலில் இப்போது திரை போடுவதில்லை.