தனித்தனி அத்தானின் இரண்டு டிரைவுகள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'தனித்தனி' என்று பெயர். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவர். நல்ல மனிதர்தான். வாயைத் திறந்தால் மட்டும் மூடத் தெரியாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவ் மாட்டி, ஒன்றில் அக்காவுக்கு விண்டோஸும் இன்னொன்றில் தனக்கு லினக்ஸும் என்று ஆளுக்கொரு இயங்குதளம் வைத்திருக்கிறார். இந்தச் செய்தியைப் பல் டாக்டரின் நாற்காலியில், வாயில் பஞ்சோடு படுத்துக்கொண்டும் சொல்ல முயன்றவர் அவர்.

"ஊர்ல எல்லாரும் ஒரே டிரைவைக் கூறு போட்டு ரெண்டையும் திணிப்பாங்க. நம்மகிட்ட அந்தக் கதையே இல்ல. ரெண்டும் தனித்தனி. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுக்குத் தும்மல்கூட வராது" என்பார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் எதற்குள் போவது என்று ஒரு பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அத்தானுடையது திறந்துகொள்ளும். அப்படி வைத்தது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடமாக, அடுப்பில் எது பொங்கினாலும், அக்கா அந்தப் பத்து விநாடியும் அங்கேயே நின்றாள்.

அவள் சட்டைகளுக்கு வெட்டுப்படம் வரைகிறவள். கை எங்கே முடியும், கழுத்து எவ்வளவு வளையும் என்று துணிக்கு முன்னால் திரையில் தீர்மானிக்கும் வேலை. வீட்டோடு கிடந்தவளுக்கு, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு சின்னத் தையல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குச் சேர வேண்டும். அவளுடைய மென்பொருள் அந்த டிரைவில்தான் திறக்கும், நகலில் திறக்காது. அதனால் டிரைவையே கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

"தாராளமா எடுத்துட்டுப் போ" என்றார் அத்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்ததும் திருப்புளியோடு வந்தார். "மச்சான், நல்லா பாத்துக்கோ" என்று எனக்கும் ஒரு வகுப்பு. டிரைவைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

கறுப்புத் திரை. துவங்க எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

அணைத்தார், போட்டார், வயரை ஆட்டினார், கம்ப்யூட்டரைத் தட்டியும் பார்த்தார். ஒரு மணி நேரம் போனில் படித்த பிறகு குட்டு வெளிப்பட்டது. நான்கு வருடத்துக்கு முன்பு லினக்ஸை ஏற்றும்போது அக்காவின் டிரைவைக் கழற்றி வைக்க மறந்திருக்கிறார். லினக்ஸும் சாவகாசமாகப் போய், தன்னைத் திறந்துவிடும் தொடக்கக் கோப்புகளை அவள் டிரைவிலேயே வைத்துவிட்டது. இத்தனை நாளும் அத்தானை எழுப்பிவிட்டது அக்காவின் டிரைவ்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"வேலைக்கு ஒரு வாரம் கழிச்சு வரேன்னு சொல்லிப் பாரேன்."

"எதுக்கு?"

"என்னோடது திறக்கணும்னா உன்னோடதும் உள்ள இருக்கணும் போல."

"தனித்தனின்னீங்க?"

"தனித்தனிதான். ஆனா அது இல்லாம இது திறக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளிடம், இன்னும் ஒரு வாரம் காத்திரு என்று கேட்க இந்த மனிதருக்கு நாக்கு எப்படி வந்தது? அக்கா டிரைவை ஒரு காய்ந்த துண்டில் சுற்றித் தன் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். அத்தான் உடம்பு சரியில்லை என்று விடுப்பு போட்டார்.

மாலையில் நான் போனபோது அவருடைய திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சரிசெய்வதற்கான பென் டிரைவ் மேசை இழுப்பறையிலேயே கிடந்ததாம். நாற்பது நிமிட வேலையாம். அதை அவரே பெருமையாகச் சொன்னார், தான் என்ன சொல்கிறோம் என்பது புரியாமல்.

வேலையிலிருந்து வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவளிடமும் ஓடினார். "இங்க பாரு, இப்பதான் நிஜமாவே தனித்தனி. உன்னோடது இல்லாமலே திறக்குது!"

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. "அங்க எனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்க, போட்டா நேரா என்னோடதுதான் திறக்குது. டிரைவை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். இனிமே இங்க கொண்டு வரப் போறதில்ல."

அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, நான் பார்த்து முதல் முறையாக, தானே மூடிக்கொண்டார்.