ஸ்டெல்லா அக்கா அழிக்க மறுத்த காட்சிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை அடையாறு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி போனில் கூப்பிட்டார். “அக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலேயே.” சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை அடியைத் தாங்கிய உடம்பு இப்படிச் சத்தமில்லாமல் போய்விட்டதே!

தரமணியில் எங்கள் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். கடைகளின் கேமரா காட்சிகள் அந்த லினக்ஸ் மெய்நிகர் சர்வர்களில், அதாவது பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளாகவே இயங்கும் சர்வர்களில், சேரும். டிஸ்கில் இடம் தீர்ந்தால் பழைய காட்சிகள் தாமாகவே அழியும்.

தி. நகர் துணிக்கடை ஒன்றின் காவலாட்கள், வாசலில் கைக்குட்டை விற்ற சேகர் என்பவரை இரும்புக் குழாயால் அடித்தார்கள். ஒரு கண் போயிற்று. சில நாள் கழித்துக் கடை மேலாளர் அக்காவுக்குப் போன் செய்தார். “டிஸ்க் ஃபுல்லாமே? பழசையெல்லாம் அழிச்சிடுங்க.” அக்கா அந்தக் காட்சியைத் திறந்து பார்த்தார். விழுந்து கிடந்தவர் முகத்தில் குழாய் மறுபடியும் இறங்கியது. எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, போலீசுக்குச் சொன்னார். மாலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

“காப்பி மட்டும் எடுத்துக்கலாமே அக்கா?” என்று கேட்டேன்.

“வெட்டி ஒட்டினதுன்னு கோர்ட்டுல சொல்லுவாங்க. அசல் இருந்த இடத்துலயே இருக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இடம் பண்ணலன்னா அதுவே அழிஞ்சிடும்.”

மெய்நிகர் டிஸ்கைப் பெரிதாக்கினார். அடுத்து, டிஸ்கில் காட்சிகளுக்கென்று வகுத்த பகுதியான பார்ட்டிஷனின் முடிவை நகர்த்த வேண்டும், பிறகு அதற்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை அதுவரை நீட்ட வேண்டும். பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் குறிக்கும் எண்ணில் ஒன்றைத் தவறாக அடித்தாலும் உள்ளே இருப்பது எதுவும் கைக்கு வராது.

அந்த நேரத்தில்தான் துணிக்கடை அனுப்பிய மூன்று பேர் கதவை உதைத்துத் திறந்தார்கள். “இன்னாமே பண்ணிக்கினு கீற? அழின்னா அழிக்க மாட்டியா?” என்று ஒருவன் அறைந்தான். அக்கா நாற்காலியோடு விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. தடுக்கப் போன என் மணிக்கட்டை முறுக்கினார்கள், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காட்சி மானிட்டருக்குள்தான் இருக்கிறதென்று நினைத்து அதைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். அக்காவின் வயிற்றில் உதைத்தார்கள். கீழ்த்தளத்து ஆட்கள் ஓடி வரவும்தான் படியிறங்கி ஓடினார்கள். சர்வரோ வேறொரு கட்டடத்தில் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க” என்றேன்.

“இதை முடிச்சிட்டு. உன் லேப்டாப்பைக் குடு.”

முடித்தார். அன்று மாலை போலீசார் அசலைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டார்கள். வழக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், “அழிக்கச் சொன்னதை ஏன் செய்யவில்லை?” என்று கேட்டார். “டிஸ்குல இடம் இல்லைன்னா சேர்க்கலாம் சார். அவருக்குப் போன கண்ணைச் சேர்க்க முடியுமா?” என்றார் அக்கா. குழாய் பிடித்தவனுக்கும் வந்து அடித்தவர்களுக்கும் சிறை கிடைத்தது. அக்காவின் இடது காதுக்கு மட்டும் கேட்கும் திறன் கடைசிவரை திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சேகர் தன் மனைவியோடு நின்றிருந்தார். குழியில் மண் போட்டபின் அவர் நெடுநேரம் கையைத் துடைக்காமலே நின்றார்.

அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவர் தைரியத்தைச் சொல்கிறீர்கள். நான் மனதில் வைத்துக்கொள்வது அவர் பயத்தை. என் லேப்டாப் முன்னால் அவர் உடம்பெல்லாம் உதறியது. விரல் நிற்கவில்லை. ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அடித்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, சரிதான் என்று தெரிந்த பிறகே எண்டரைத் தட்டினார்.