பூஜை அறையில் வைத்த நீல வாளி

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் தாலுகா ஆபீஸில் பேரிடர் பிரிவு. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அவசரகாலப் பொதி இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் அச்சடித்து இந்த மலை முழுவதும் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை வண்டிப்பெரியார் டீக்கடைகளில் வடை மடிக்கப் பயன்பட்டன. ஒன்றிரண்டு எனக்கே வடையோடு வந்தன.

எங்கள் வீட்டில் மட்டும் பொதி இருந்தது. இறுக்கமான மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் வாளி. உள்ளே டார்ச், மாற்று பாட்டரி, தீப்பெட்டி, அவல், வெல்லம், ஆதார் நகல்கள், நிலவரி ரசீது, கயிறு, விசில். என் மனைவி தன் பங்குக்கு விபூதிப் பொட்டலம், விளக்குத் திரி, ஒரு சிறிய கங்கைச் செம்பு ஆகியவற்றைச் சேர்த்தாள். முகாமுக்குப் போக நேர்ந்தால் சாயங்காலம் விளக்கேற்ற வேண்டாமா என்று கேட்டாள். அரசாங்கப் பட்டியலில் அவை இல்லை. கூடாது என்றும் இல்லை. வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வாளியை எங்கே வைப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. ஈரம் படாத, உயரமான இடமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், யாரும் சும்மா எடுக்கக் கூடாது. சமையலறையில் எறும்பு. கட்டிலுக்கடியில் தண்ணீர் வரும். யோசித்துப் பார்த்தால் இத்தனை தகுதியும் உள்ள இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான். பூஜை அறையில் சுவாமி படங்களுக்கு மேலே இருந்த சிமென்ட் பலகையில் வாளி ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளித்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்து இறங்கும்போது ஒரு திருப்தி இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஜூலையில் பாலக்காட்டிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அங்கே அவள் வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தது. மழைக்கு மலைக்கு வருகிற ஆஸ்துமாக்காரி அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கையில் ஒரு இன்ஹேலர் கொண்டுவந்திருந்தாள். நான் இன்னொன்று வாங்கி வாளிக்குள் வைத்தேன்.

“அதையும் எங்கிட்டயே கொடேண்டா” என்றாள்.

புழங்குகிற சரக்கையும் ரிசர்வ் சரக்கையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று விளக்கினேன். அக்கா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு காலையில் பாலக்காட்டிலிருந்து போன் வந்தது. என் சித்தப்பா மகன் காலமாகிவிட்டார். அவர் எங்களுக்குப் பங்காளி, அதனால் எனக்கும் மனைவிக்கும் பத்து நாள் தீட்டு. பத்து நாளும் விளக்கேற்றக் கூடாது, பூஜை அறைக்குள் கால் வைக்கக் கூடாது. மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அக்காவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பாலக்காடு போக முடியாது. நான் அதே போனில், அடுத்த கால் மணி நேரத்துக்குள் வந்திருந்த கனமழை எச்சரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு செய்திகளையும் தனித்தனியாக நன்றாகப் புரிந்துகொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. நான்காம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் மண் சரிந்து சாலை அடைபட்டது. போன் டவரும் போயிற்று, போன்களில் சார்ஜும் தீர்ந்தது. நான் கலங்கவில்லை. “எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு நமக்கு யார் உதவியும் வேண்டாம்” என்று சாப்பிடும்போது அறிவித்தேன். அக்கா மோர் கேட்டாள்.

மத்தியானம் அவளுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலரை அழுத்தினாள். குலுக்கினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

“ரிசர்வை எடுடா.”

எழுந்தேன். மனைவி பூஜை அறைக் கதவைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

“உயிர்ப் பிரச்சினை வந்தா விலக்கு உண்டு. சாஸ்திரத்திலேயே இருக்கு” என்றேன்.

“எந்தச் சாஸ்திரத்தில? எத்தனாம் பக்கம்?” அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “வாத்தியாரைக் கேளு.” எங்கள் வீட்டுப் புரோகிதரைச் சொன்னாள்.

“டவர் இல்லை.”

“அப்போ சும்மா இரு. தீட்டோட உள்ள போய் நீ எடுத்துண்டு வந்தா, சத்தியமா நான் அதை வாயில வெச்சுக்க மாட்டேன்.”

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. எனக்கு இதில் அறுபது ஆண்டு அனுபவம். பிரம்பு நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதட்டின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சாலை இல்லை. நெபுலைசர் வைக்கக் கரண்ட் இல்லை. மருந்து பத்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அப்பால் இருந்தது.

அப்போது எனக்கு விதி ஒன்று நினைவுக்கு வந்தது. அக்கா கல்யாணமாகி வேறு கோத்திரத்துக்குப் போனவள். அவளுக்கு இந்தத் தீட்டே கிடையாது.

“அது நேக்குத் தெரியாதாக்கும்” என்றாள். “உங்களோட ஒண்ணா உக்காந்துண்டு, உங்களைத் தொட்டுண்டு இருக்கேன். தலைக்குக் குளிச்சுட்டுன்னா உள்ள போகணும்?”

இந்த மழையில் அவளுக்குத் தலைக்குக் குளியல். அதன் பிறகு ஸ்டூலில் வேறு ஏற வேண்டும். ஆனாலும் எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். வாளியை நானே எடுத்துவிட்டு வேறு இடத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பணிக்காலத்தில் அதைவிட மோசமான அறிக்கைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பூஜை அறைக் கதவு நேராகத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். பின்கதவு திறந்து கிடந்தது. குடையும் இல்லை.

சில நிமிடங்களில் கீழ்வீட்டு அம்மாவோடு வந்தாள். அந்த அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாகப் பக்கத்து வீடு. எங்கள் ஹால் வரை வருவார், டிவி பார்ப்பார், காபி குடிப்பார். பூஜை அறைப் பக்கம் வந்ததில்லை. வரக் கூடாது என்று நாங்கள் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்த ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. அன்று விதிப்படி பார்த்தால், அந்த அறைக்குள் போகத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை வாசலில் உதறிவிட்டு என்னைக் கேட்டார்: “மாமி எல்லாம் சொன்னாங்க சார். நான் உள்ள போகலாமா?”

“தாராளமா” என்றேன். இருபது ஆண்டுகளில் முதல் முறையாகச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

“இல்ல சார், மத்தியானம் கருவாட்டுக் குழம்புல்ல.”

என் மனைவி குழாயைக் காட்டினாள்.

“வாயைக் கொப்பளிச்சுக்கோங்கோ” என்றாள் என் மனைவி.

அக்கா தலையைத் தூக்காமலே கையை மட்டும் ஆட்டினாள். “ஒண்ணும் வேண்டாம். போம்மா.”

ஆனாலும் அவர் குழாயில் கால் கழுவி, வாய் கொப்பளித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் தாழ்ப்பாளை நீக்கினார். உள்ளே ஜன்னல் கிடையாது.

“இருட்டா இருக்கு சார். டார்ச்சு இருக்கா?”

“இருக்கு. அந்த வாளிக்குள்ள இருக்கு.”

உள்ளேயிருந்து “நல்லா வச்சீங்க” என்று குரல் வந்தது. “மாமி, இங்க விளக்கு இருக்கு, எண்ணெய் கிடக்கு. ஏத்திக்கிடவா?”

என் மனைவி ஒரு கணம் தயங்கினாள். “ஏத்துங்கோ” என்றாள். தீப்பெட்டியை அடுக்களையிலிருந்து எடுத்து வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்தே உருட்டிவிட்டாள்.

ஸ்டூல் நகர்ந்தது. வாளி வெளியே வந்தது. எறும்பும் ஈரமும் புகாதபடி மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தேன். அந்த அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பிறகு குனிந்து பல்லால் கடித்துக் கிழித்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்ஹேலரைக் கையில் வாங்கி, மூடியைக் கழற்றி, வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி. இன்னும் ஒருமுறை.

கால் மணி நேரம் நாங்கள் மூவரும் அவள் தோளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெல்ல மெல்ல இறங்கியது. உதட்டுக்கு நிறம் வந்தது.

“சாப்பிட்டுண்டிருந்தபோதா எழுந்து வந்தே?” என்று கேட்டாள்.

“பாதியில எந்திரிச்சேன் பெரியம்மா.”

“போய்ச் சாப்பிடு. குழம்பு ஆறிப்போயிருக்கும்.”

அவர் போன பிறகு என் மனைவி பூஜை அறை வாசலுக்கு வெளியே நின்று எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக அங்கே இருட்டு. மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு கீழே போய், மிச்ச நாளும் சாயங்காலம் வந்து ஏற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அவர் வந்தார். தினமும் ஆறு மணிக்கு. “உங்களால எங்க ஊட்டுக்காரருக்குக் கருவாடு கிடையாது. தினமும் ஏசிக்கிட்டு இருக்காரு” என்று சொல்லிக்கொண்டே கால் கழுவுவார். ஏழாம் நாள் சாலையைத் திறந்தார்கள். அக்காவை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இன்ஹேலரை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம், “இதை எங்களுக்கு விசேஷமாப் படிச்சவா வந்துதான் சொல்ல வேண்டியிருக்கு” என்றாள்.

பதினோராம் நாள் தீட்டு கழிந்தது. வாத்தியார் வந்து வீட்டைச் சுத்தி செய்யும் புண்யாகவாசனம் நடத்திவிட்டுப் போனார். சாயங்காலம் மனைவி குளித்து மடியாக நின்று, விளக்கைத் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் விட்டாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது பின்வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பத்து நாள்தான் கணக்கு என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஈரக் காலோடு ஹாலுக்கு வந்தவர் மனைவியின் கையைப் பார்த்து நின்றார்.

“முடிஞ்சிருச்சா மாமி?”

“இன்னிக்கோட முடிஞ்சது.”

“அப்பச் சரி. நான் வாரேன்.” அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பினார்.

இதற்கு என்ன விதி என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“எங்கே போறே?” என்றாள் அக்கா, நாற்காலியில் இருந்தபடியே. இப்போது ஒரே மூச்சில் பேச முடிந்தது அவளால். “எண்ணெய் விட்டு வெச்சிருக்கு. வந்து ஏத்திட்டுப் போ.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். தீப்பெட்டியை நீட்டினாள்.

நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன். நகர்ந்து நின்றேன்.