கேட்டில் கொடுத்த சாவி

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். என் ஸ்கூட்டிக்கு இரண்டு தவணை பாக்கி. அன்று ஷிப்ட் முடிந்து வண்டியை எடுத்து வந்தபோது, கேட்டருகே ஒருவன் மறித்தான்.

"ஃபைனான்ஸ்லேர்ந்து வரேன். ரெண்டு டியூ கட்டல. சாவிய குடு. சத்தம் போட்டா உனுக்குத்தாம்மா அசிங்கம்."

கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று பதறி, எதுவும் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள், அவகாசம் கேட்டு வண்டியை மீட்கலாம் என்று பொன்னேரி கிளைக்குப் போனேன். மேனேஜர் திடுக்கிட்டார்.

"நாங்க யாரையும் அனுப்பலியேம்மா! யாராண்ட குடுத்த?"

தவணை பாக்கியைப் பற்றி டீக்கடையில் தோழியிடம் நான் புலம்பியதை எவனோ கேட்டிருக்கிறான்! போலீசில் புகார் கொடுத்தும் வண்டி கிடைக்கவில்லை. தவணை மட்டும் கட்டுகிறேன்.

இப்போதெல்லாம் வசூலுக்கு யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கேட்டு, ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிக்கிறேன். அதுவும் நாலு பேருக்குக் கேட்கும்படி, சத்தமாக.