வெர்னா பூட்டி வைத்த துப்பாக்கிகள்

காலை ஏழு மணிக்கு, வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, வெர்னா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எங்கள் ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் நான் பேசினால் உடனே எழுந்துவிடுவார்.

"டீச்சரம்மா, முதல்ல ஒரு மானையாவது சுட்டுட்டு வந்து பேசுங்க!"

கூட்டம் சிரிக்கும்.

சென்ற ஆண்டு என் தம்பி ரஸ்ஸை அவன் மனைவி விட்டுப் போனாள். சாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவனிடம் துப்பாக்கிகளைக் கேட்க எனக்குத் துணிவில்லை. வெர்னா தானாகவே அவன் வாசலில் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாடா. என் கடையில பூட்டி வைக்கிறேன்."

"சட்டம் போட்டுக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றான் ரஸ்.

"அது தெரிஞ்சுதான் நானே வந்தேன். மனசு தேறினதும் வந்து வாங்கிக்கோ."

ரஸ் உயிரோடு இருக்கிறான்.

இன்று அவர் மகள் கடையின் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஊர்க்கூட்டத்தில் அவருக்குக் கைதட்டியவர்கள், எனக்குக் கைதட்டியவர்கள் என எத்தனையோ வீட்டுத் துப்பாக்கிகள் பெயர்ச்சீட்டோடு உள்ளே இருந்தன. ஒருவரைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை.

இந்த வாரம் ரஸ் தன்னுடையவற்றை வாங்கிக்கொள்வதாக இருந்தது. அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஒன்றுக்கு மட்டும் தோளில் தொங்கவிடும் வார் இன்னும் மாட்டப்படவில்லை.